மைக்கில் சொன்னதை மைக்கிலேயே

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று காலை பத்தரை மணிக்குப் பிள்ளையார் கோயில் வீதியில், துளசிமணியின் இட்லிக் கடை முன்னால் இருந்தவர்கள்: என் மகன் சென்னியப்பன், செம்மேட்டுப்பாளையம் பேரூராட்சித் தலைவர். அவன் கட்சியின் நகரச் செயலாளர் கிட்டுசாமி. சுகாதார ஆய்வாளர் எபினேசர். ஆறாவது வார்டு உறுப்பினர் ஜெயக்கொடி, அவள் புருசன் (பதவி அவளுக்கு, வாய் அவனுக்கு). கேபிள் டிவிக்குப் படம் எடுக்கிறவர். தையல்காரர் மோகன், அவர் சம்சாரம், இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. எதிர்க்கட்சி உறுப்பினர் பொன்னுரங்கம், இரண்டு கடை தள்ளி நின்று கடலை கொறித்துக்கொண்டு. துளசிமணி. காருக்குள்ளே நான்.

பெயர்களை எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. காரியம் நல்லபடியாக முடிந்தால் அங்கே இல்லாதவனும் இருந்தேன் என்பான். கெட்டுப்போனால் இருந்தவனும் அன்றைக்கு நான் கோயம்புத்தூரில் இருந்தேன் என்பான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்கு எழுதி வைக்காமலே எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனாலும் எழுத்தில் இருந்தால் சண்டைக்கு வசதி. இந்த டைரி சிமெண்ட் கடைக்காரர் தை மாதம் என் மகனுக்குக் கொடுத்தது. அவனுக்கு இதைப் போல ஒன்பது வந்தது.

ஆறாவது வார்டில் மூன்று நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. பதினாறு பேர் ஆஸ்பத்திரியில். நான் முழங்கால் ஊசிக்குப் போகிற வழி என்பதால் மகன் என்னைக் காரில் வைத்துக்கொண்டே அங்கே இறங்கினான். கட்சி ஆட்டோவில் மைக் கட்டியிருந்தது. மைக்கைப் பார்த்தால் என் மகனுக்குக் கை சும்மா இருக்காது.

"சனங்க இப்படிச் சீக்கா விழுந்து கெடக்கறதுக்குக் காரணம் இந்தக் கடைதானுங்க! உப்புத் தண்ணியில மாவாட்டி இட்லி ஊத்தறாங்க! நேர்ல பாத்தவங்க எங்கிட்டச் சொல்லியிருக்காங்க! இந்தக் கடைய இப்பவே சீல் வைக்கச் சொல்றேன்!"

இதை விளக்கி எழுத வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு. எட்டு நாளுக்கு ஒருமுறை குழாயில் வருவது நல்ல தண்ணி. அது ஆற்றுத் தண்ணீர், குடிக்க, சமைக்க. வீதி முனைத் தொட்டியில் வருவது உப்புத் தண்ணி. அது போர் தண்ணீர், பாத்திரம் கழுவ, துணி துவைக்க. நல்ல தண்ணிக்கு எவர்சில்வர் குடம், உப்புத் தண்ணிக்குப் பிளாஸ்டிக் குடம். குடத்தை மாற்றிப் பிடித்தால் மாமியார்க்காரி பிடுங்கி வாசலில் கொட்டிவிடுவாள். நேற்று நான் கோயிலுக்குப் போகும்போது துளசிமணி பச்சைப் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போவதைப் பார்த்தேன். கிரைண்டர் பக்கம் போனாள். இன்று காலை காபி குடிக்கும்போது மகனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான்.

துளசிமணி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எபினேசரிடம், "சார், உள்ள அடுப்புல பாலு இருக்குதுங்க. எறக்கி வெச்சுட்டு வந்தர்றேனுங்க" என்றாள். இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பிறகு சீல் வைத்தார்கள்.

என் மகன் நன்றாகப் பேசினான்.

ஆகஸ்ட் 7, புதன்

காலுக்குத் தைலம். கடை இல்லாததால் மருமகள் கோகிலா வீட்டிலேயே இட்லி ஊற்றினாள். ஒன்றை எடுத்து எறிந்தால் நாய் பிழைக்காது.

ஆகஸ்ட் 8, வியாழன்

எனக்கும் துளசிமணிக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் நான் சொன்னேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. இருந்தாலும் அந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

2011, ஆவணி மாதம், பேத்திக்குக் காது குத்து. துளசிமணியிடம் இட்லிக்குச் சொல்லியிருந்தோம். மூன்று ஊர் உறம்பரை, அத்தனை சொந்தக்காரர்களும் வந்து உட்கார்ந்திருக்கும்போது இட்லி தீர்ந்துவிட்டது. நான் பந்தியில் நின்று, "என்னம்மிணி, அறுநூறு சொன்னனே, எங்க போச்சு?" என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமல், "நீங்க சொன்னது நானூறுதானுங்க ஆத்தா" என்றாள். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. என் சம்பந்தியம்மா இலையைப் பார்த்துச் சிரித்தாள். பச்சைக் கரை போட்ட புடவை கட்டியிருந்தாள், சம்பந்தியம்மா.

நானூறு என்று சொன்னது நான்தான். ஆனால் அதை மூன்று ஊர் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டுமா?

அன்றிலிருந்து நான் அவளிடம் பேசுவதில்லை. இட்லி மட்டும் வாங்கி வரச் சொல்லிச் சாப்பிடுவேன். இட்லி என்ன பாவம் செய்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலில் கூட்டமே இல்லை. ஆஸ்பத்திரியில் இப்போது இருபத்து மூன்று பேர். தையல்காரர் மோகனின் குழந்தையையும் சேர்த்திருக்கிறார்கள்.

"அத்தை, எட்டு மாசக் கொழந்தை இட்லிக் கடையில என்னத்தைச் சாப்பிட்டிருக்கும்?" என்று கோகிலா கேட்டாள்.

நான் ரசத்துக்கு உப்புப் போட்டேன். ஏற்கெனவே போட்டிருந்தது போல. மதியம் யாரும் ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

எபினேசர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்ச் சோதனைத் தாள் வந்துவிட்டது. கிட்டுசாமியும் இருந்தார். நான் உள் அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

எபினேசர் பயந்த மனிதர். காகிதத்தைப் பார்த்தே பேசினார். "சார், கடையில ரெண்டு தண்ணியும் எடுத்தோம். உப்புத் தண்ணி சுத்தமா இருக்கு. கெட்டது நல்ல தண்ணிதான் சார். போன வருசம் நம்ம போட்ட புதுக் குழாய், கோயில் முக்குல சாக்கடைக்கு அடியில போவுதில்ல, அங்க மூட்டு விட்டுப்போயிருக்கு. சாக்கடை உள்ள எறங்குது."

"அந்தம்மா மாவாட்டறது?"

"நல்ல தண்ணியிலதான் சார் ஆட்டுது. உப்புத் தண்ணி கிரைண்டர் கழுவ மட்டும். உண்மையைச் சொன்னா, உப்புத் தண்ணியில ஆட்டியிருந்தாலும் அதனால ஒருத்தருக்கும் ஒண்ணும் வந்திருக்காது."

கீரையில் ஒரு புழு இருந்தது. பச்சைப் புழு. அதை எடுத்துப் போட்டேன்.

என் மகன் எழுந்து சட்டையை மாட்டினான். குழாயை அடைக்கச் சொல்லி, லாரியில் தண்ணீர் விடச் சொல்லி, நான்கு பேருக்குப் போன் போட்டான். பிறகு அவனே போய்ச் சாக்கடைக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றானாம். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. போவதற்கு முன்னால் மட்டும், "அந்தம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லோணுமல்லங்க" என்றான்.

கிட்டுசாமி காபியைக் கீழே வைத்தார். "தலைவரே, உங்களுக்கென்ன கிறுக்கா? குழாய்ல தப்புன்னு ஒத்துக்கிட்டா, அந்தக் கல்வெட்டுல இருக்கறது யாரு பேரு? தண்ணி தெறந்துவுட்ட அன்னைக்கு மாலை போட்டுக்கிட்டது யாரு? பொன்னுரங்கம் அதைப் பிளெக்ஸ் அடிச்சு நாலு முக்குலயும் கட்டிப்போடுவான். இன்னைக்கு இட்லிக்காரிகிட்டக் கேட்டீங்கன்னா, நாளைக்கு ரோட்டுக் குழிக்கு ஒருத்தன் வருவான், மறுநாள் வீதி லைட்டுக்கு ஒருத்தன் வருவான். அப்பறம் நம்ம வேலையே மன்னிப்புக் கேக்கறதாத்தான் இருக்கும்."

"அந்தக் கடை?"

"சீலை எடுத்துப் போடலாம். சனங்களுக்கு ஒரு வாரந்தாங்க ஞாபகம். கம்முனு இருந்தா மறந்துருவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. 1978-இல் என் ஓரகத்தி என் புது உலக்கையை இரவல் வாங்கிப் பூண் கழன்று திருப்பிக் கொடுத்தாள். கிழமை வியாழன். ஒரு வாரமாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூட்டு அடைத்தாகிவிட்டது. தையல்காரர் குழந்தை பால் குடிக்கிறதாம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன், பெரிய தேங்காயாகப் பார்த்து.

மதியம் புலவர் ஐயா வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என் மகனின் அறிக்கை, வாழ்த்து, இரங்கல் எல்லாம் அவர் எழுதுவதுதான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இன்றைக்கு எழுதியதைப் படித்தார்:

"அண்மையில் நிகழ்ந்த சில நிகழ்வுகளின்போது கூறப்பட்டதாகச் சொல்லப்படும் சில கருத்துகளால் எவரது மனமேனும் புண்பட்டிருக்குமாயின், அவ்வாறு புண்பட நேர்ந்த சூழல் குறித்து வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."

கோகிலா, "ஏனுங்க ஐயா, இதுல யாரு, யாருக்கு, என்ன பண்ணுனாங்கன்னே இல்லீங்களே?" என்று கேட்டாள்.

"அதுதானம்மா இதோட அழகு" என்றார் புலவர்.

என் மகன் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். முகம் தெளியவில்லை. இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத மன்னிப்பை யார் சாப்பிடுவது?

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் சீல் எடுத்தார்கள். கூடவே கிட்டுசாமி ஒரு புது கிரைண்டரை ஏற்றிக்கொண்டு போனார். நலத்திட்ட உதவி. அதன்மேல் என் மகன் படம் ஒட்டியிருந்தது. கேபிள் டிவிக்காரரும் போயிருக்கிறார். நடந்ததை எனக்குச் சொன்னது டிரைவர் ராசு. அவன் எதையும் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான்.

துளசிமணி கிரைண்டரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"எனக்குக் கிரைண்டர் இருக்குதுங்க."

"இது புதுசும்மிணி. தலைவர் ஆசையாக் குடுத்தனுப்பிச்சாரு. புடிச்சுக்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"அவரு எங்கிட்ட எதையும் வாங்குலீங்களே, எதுக்குக் குடுக்கறாரு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மைக்குல சொன்னதை மைக்குலயே வந்து எடுக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க."

கிரைண்டர் திரும்பி வந்து எங்கள் போர்டிகோவில் உட்கார்ந்திருக்கிறது. படத்தில் என் மகன் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

துளசிமணி நேற்று முன்னூறு இட்லி ஊற்றினாள். விற்றது பதினொன்று. மீதியை மாட்டுக்கு வைத்தாளாம். இன்றைக்கு நூறுதான் ஊற்றினாள். விற்றது நான்கு. அந்த நான்கும் வெளியூர் லாரிக்காரர் சாப்பிட்டது. அவருக்குச் சமாசாரம் தெரியாது.

ஜெயக்கொடி வந்து சொன்னாள்: "பெரியம்மா, அந்தக்கா கடையக் காலி பண்ணப் போறாங்களாம். திருப்பூர்ல தங்கச்சி வூட்டுக்குப் போயி பனியன் கம்பெனியில பிசிர் வெட்டறேன்னு சொல்லுது. அம்பத்தி மூணு வயசுல. பதனஞ்சாந் தேதி கழிச்சு வண்டி பேசியிருக்குதாம்."

"இருபத்தி ஏழு வருசக் கடையாச்சே" என்றேன்.

"உங்களுக்குத்தான் ஆகாதே, நீங்க எதுக்கு வெசனப்படறீங்க?" என்றாள் அவள். விளையாட்டாகத்தான் சொன்னாள். இருந்தாலும் இதைக் குறித்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் 13, மாலை நாலு மணி, ஜெயக்கொடி.

அவள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்குக் காபி குடிக்கும்போது மகனிடம் நான் என்ன சொன்னேன் என்று. குடம் கொண்டுபோனதைப் பார்த்தேன் என்று சொன்னேனா? கிரைண்டரில் ஊற்றியதைப் பார்த்தேன் என்று சொன்னேனா?

மற்றவர்களாக இருந்தால் ஞாபகம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அந்த வழி இல்லை. "கொடத்தத் தூக்கி கிரைண்டர்ல ஊத்துறா, என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றுதான் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையால் ஊற்றியும் காட்டினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மகன் மதியம் சாப்பிட வந்தான். நாளைக்குச் சுதந்திர தினம், பேரூராட்சி அலுவலகத்தில் கொடியேற்றிவிட்டுப் பேச வேண்டும். கோகிலா தயிர் வாங்கப் போயிருந்தாள். நான் பரிமாறினேன்.

"அந்தத் துளசிமணிகிட்டச் சொல்றதைச் சொல்லித் தொலையேன்டா" என்றேன். வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "சொன்னா கேப்பாங்கம்மா. நேர்ல பாத்தவங்க சொன்னாங்கன்னியே, யாரு அதுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

கிட்டுசாமி, கல்வெட்டு, பொன்னுரங்கம் என்று எட்டு நாளாக நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்படிக் கேட்டா எம் பேரச் சொல்லு."

"மோரு ஊத்து" என்றான்.

ஊற்றினேன். அவன் குடிக்கவில்லை. "ஏம்மா, உனக்குத்தான் எல்லாம் ஞாபகமிருக்குமே. நான் ரெண்டாவது படிக்கறப்ப உன்ற தோடு காணோம்னு என்னைப் புளிய விளாறுல அடிச்சியே. அப்பறம் அது உன்ற தலகாணி உறைக்குள்ளயே கெடந்துது. அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லுல. ஆனா சாயங்காலம் உனக்குக் கச்சாயம் சுட்டுக் குடுத்தனல்ல? வெல்லம் எச்சாப் போட்டு?"

"ஏழு வயசும்மா எனக்கு. எனக்கு அது கச்சாயம்னு மட்டுந்தான் தெரிஞ்சுது."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். பிறகு அவன் கை கழுவப் போனான். போர்டிகோ கிரைண்டரைத் தாண்டிக்கொண்டுதான் போனான், ஒரு காலைத் தூக்கி.

நான் என் வாழ்நாளில் யாரிடமும் தப்பு என்று சொன்னதில்லை. புருசனிடம் சொன்னதில்லை, அவர் போய்விட்டார். என் பிள்ளை முப்பது வருசமாக மேடை ஏறிப் பேசுகிறான், இந்த ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது என்றால், கட்சியிலா கற்றுக்கொண்டான்? கட்சிக்கு அவன் போனது இருபது வயதில். என்னிடம் அதற்கு முன்னாலேயே இருந்தான்.

வேட்டி சட்டையை நானே தேய்த்து வைத்தேன். கோகிலா அதிசயமாகப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

எட்டு மணிக்குக் கொடி ஏற்றினார்கள். முன் வரிசையில் எனக்கு நாற்காலி. பள்ளிக்கூடப் பிள்ளைகள், உறுப்பினர்கள், துப்புரவுப் பணியாளர்கள், இருநூறு பேர் இருக்கும். துளசிமணி வேப்பமரத்தடியில் நின்றாள். ஜெயக்கொடி கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். நல்ல பெண்தான் ஜெயக்கொடி. பதிமூன்றாம் தேதி எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

என் மகன் பையிலிருந்து புலவர் எழுதிய தாளை எடுத்தான். விரித்தான். புலவர் தலையை ஆட்டத் தயாரானார். அவன் தாளை மறுபடியும் நான்காக மடித்துப் பையில் வைத்தான். தொண்டையைச் செருமினான். மைக் கூவென்று கத்தியது. யாரோ வந்து சரி செய்தார்கள். அந்த நேரத்தில் அவன் ஓடிவிட்டிருக்கலாம், எனக்கே ஓடத் தோன்றியது.

"ஆறாந் தேதி, பிள்ளையார் கோயில் வீதியில, துளசிமணியக்கா கடைக்கு முன்னால நின்னு, சனங்களுக்குச் சீக்கு வந்ததுக்கு அந்தக் கடைதான் காரணம்னு மைக்குல சொன்னேன். அது பொய்யிங்க. அவிய மேல ஒரு தப்புமில்லை. தப்பு நாம போட்ட குழாய்ல. கல்வெட்டுல என்ற பேரு போட்ட குழாய்ல. விசாரிக்காம ஒரு பொம்பளைய வீதியில வெச்சு அவமானப்படுத்திப் போட்டேன். அக்கா, என்னைய மன்னிச்சுருங்க."

ஒருத்தரும் கை தட்டவில்லை. எப்படித் தட்டுவது, எங்கே தட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இதற்கெல்லாம் பழக்கம் கிடையாதே. கிட்டுசாமி கொடிக்கம்பத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் விடுவாரா? பின்னால் இருந்து, "நேர்ல பாத்தவங்க சொன்னாங்கன்னீங்களே தலைவரே! யாருங்க அது? அந்த ஆளையும் கூப்புடுங்க!" என்று கத்தினார்.

நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தேன். பாதி எழுந்துவிட்டேன். மகன் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பொன்னுரங்கத்தைப் பார்த்துச் சொன்னான்:

"சொன்னவங்க வூட்டுக்குள்ள சொன்னாங்க. வீதியில சொன்னது என்ற வாயிங்க."

பொன்னுரங்கம் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் கடவுளே வந்து பேசினாலும் கேட்காது. நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த கோகிலா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பதினெட்டு வருசத்தில் முதல் தடவை. அவளுக்கும் தெரியும் போல.

பிறகு என் மகன் நேராகத் துளசிமணி கடைக்குப் போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டான். கேபிள் டிவிக்காரரை வரக் கூடாது என்று சொல்லிவிட்டானாம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பொன்னுரங்கம் பிளெக்ஸ் கட்டிவிட்டார். "குழாயில் சாக்கடை! ஒப்புக்கொண்ட தலைவரே, ராஜினாமா எப்போது?" என்று நாலு முக்கிலும். கிட்டுசாமி வந்து, "சொன்னனா இல்லையா?" என்று குதித்தார். என் மகன், "போட்டோ நல்லா இருக்குதுங்க" என்றான். தூங்கி எழுந்த முகமாக இருந்தான். ஆறாம் தேதிக்குப் பிறகு இப்போதுதான் அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

துளசிமணி கடையில் நூற்றைம்பது இட்லி போயிருக்கிறது. பிளெக்ஸைப் படிக்க வந்தவர்கள் அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். திருப்பூர் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 17, சனி

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். என்ன வாக்கியம் என்பது இருக்கட்டும். கோகிலா வந்து, "யாருகிட்டப் பேசறீங்க அத்தை?" என்றாள். சாமிகிட்ட என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்று மணிக்கு, வியாபாரம் இல்லாத நேரமாகப் பார்த்து, கையை வீசிக்கொண்டு போனேன். எதையும் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போனால் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

கடை வாசலில் மூன்று படி. என் காலுக்கு அது முப்பது. துளசிமணி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்தாள். பதிமூன்று வருசத்துக்குப் பிறகு இந்தப் படியில் ஏறியிருக்கிறேன்.

நான் நின்றேன். அவள் நின்றாள். என் மகன் மைக் முன்னால் எப்படி நின்றிருப்பான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வார்த்தையைச் சொல்லிவிடலாம், அது நாக்கு அசைகிற நேரம்தான். சொல்லி முடித்துவிட்டு எதிராளி என்ன சொல்வாளோ என்று நிற்க வேண்டுமே, அந்த நேரத்தில் நாம் அவள் கையில் இருக்கிறோம். அவள் ஏற்றுக்கொள்ளலாம், காறித் துப்பலாம், சிரிக்கலாம். பதவியில் இருக்கிறவனுக்கு அப்படி ஒருத்தர் கையில் இருந்து பழக்கமில்லை. எனக்கும் இல்லை.

"துளசிமணி" என்றேன். "அன்னைக்கு என்ற பையங்கிட்டச் சொன்னது..."

"தெரியுமுங்க ஆத்தா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியுமுங்க. என்ற கொடம் என்ன நெறம்னு இந்த ஊருல வேற யாரு பாக்கப் போறாங்க?"

"அதில்லம்மிணி, நான் சொல்ல வந்தது..."

"அட, வுடுங்க ஆத்தா. கால் வலிக்குமல்ல, இப்படி ஒக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா?"

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். மறுபடியும் ஆரம்பித்தேன். அவள் டம்ளரை நீட்டினாள். இன்னொரு தடவை ஆரம்பித்தேன். "சூடு ஆறிருமுங்க" என்றாள். அன்றைக்குத் தெரிந்திருந்தும், கிரைண்டரைத் திருப்பி அனுப்பியபோதும், கொடியேற்றத்தில் பொன்னுரங்கம் கத்தியபோதும் இவள் என் பெயரைச் சொல்லவில்லை. மைக் இல்லாமலே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

காபி நன்றாக இருந்தது. பேசிக்கொண்டிருந்தோம். தங்கச்சி மகள் கல்யாணம், உளுந்து இந்த வருசம் சரியில்லை, என் மூட்டுக்கு எருக்க இலை வைத்துப் பார்க்கலாம். மழை வரும் போல இருந்தது. வீட்டுக்கு வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கால்கூட அவ்வளவு வலிக்கவில்லை.

ஆனால் எழுபத்து நான்கு வருசமாக வராத சொல் தொண்டை வரைக்கும் வந்தது. நேற்று முழுக்கப் பழகியது. அதைச் சொல்ல விடாமல், காபி டம்ளரை நீட்டி, நான் கேட்பதற்கு முன்னாலேயே மன்னித்துவிட்டாள். இனி இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? கிட்டுசாமியை மன்னித்துவிடலாம், அவர் பிழைப்பு அப்படி. பொன்னுரங்கத்தைக்கூட மன்னிக்கலாம், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். இந்த ஊரில் ஒரே ஒருத்தியை மட்டும் நான் உயிரோடு இருக்கும் வரைக்கும் மன்னிக்கப் போவதில்லை. எழுதி வைக்கிறேன், யாரும் மாற்ற முடியாது.

பிள்ளையார் கோயில் வீதி, இட்லிக் கடை, துளசிமணி.